கரையோரக் கேள்விகள்: மீன் இல்லாத இடத்தில் மடி விடுவது ஏன்?

சென்ற இதழில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மீன் விலை இறங்குவது பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கடலூருக்கு எதிரே மாதந்தோறும் ஒரே முறையில் இழுவை மடி (படகு கடல் தரையை ஒட்டி இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) ஆய்வு நடத்தினாலொழிய இதற்கு உறுதியான விடை கிடைக்காது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். விலையைப் பற்றி எழுதிய மற்ற வரிகளை யாரும் பொருட்படுத்தவில்லை; வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பலர் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால், எல்லோருக்குமே ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நான் இருபது வருடமாக விசைப்படகு ஓட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஆய்வு செய்யவேண்டும் என்று எங்கள் படகை வாடகைக்கு எடுத்தார்கள். மீன் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஜி.பி.எஸ். கருவியில் அவர்கள் குறித்து வைத்திருந்த இடத்தில்தான் மடி விடவேண்டும் என்றார்கள். அங்கே ஒன்றும் கிடையாது. அரை மணி நேரத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு, அடுத்தும் அதைப்போலவே வெறும் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். டீசல்தான் செலவு. இது என்ன ஆய்வு?
(படகு ஓட்டுநர், தேவனாம்பட்டினம்)

பதில்: தங்களுடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. முதன்முதலில் அத்தகைய படகில் ஏறியபோது நானும் டிரைவர் பக்கம்தான் நின்றேன்.

தொழிலுக்குப் போகும் படகுக்கும் ஆய்வுக்குப் போகும் படகுக்கும் வேலை வேறு. மீன் இருக்கும் இடத்தை அறிந்து அங்கே போய் மடி விடுவது தங்கள் திறமை. அந்தத் திறமையால்தான் டீசல் காசும் பங்குக் காசும் வருகின்றன. ஆனால் கடலில் மொத்தமாக மீன் கூடுகிறதா குறைகிறதா என்று அறிய விரும்புகிறவருக்கு அதே திறமை இடைஞ்சலாகிவிடும். முன்பு பத்து இடங்களில் பரவியிருந்த மீன் இன்று இரண்டே இடங்களில் ஒதுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாங்கள் அந்த இரண்டு இடங்களையும் தேடிப் பிடித்துவிடுவீர்கள். தங்கள் மீன்பாடு குறையாது. எட்டு இடங்கள் காலியாகிவிட்டன என்ற செய்தி தங்கள் மடியில் ஏறவே ஏறாது. அந்த எட்டு இடங்களுக்கும் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதி வருகிறவர் ஒருவர் வேண்டும். வாடகைக்கு வந்தவர்கள் செய்தது அதைத்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது உண்மையாவதற்குக் காரணம், பானையிலுள்ள சோறெல்லாம் ஒரே தீயில், ஒரே தண்ணீரில் வெந்திருப்பதுதான். கடலுக்கு அது பொருந்தாது. கெடிலம் வந்து கலக்கும் முகத்துவாரத்துச் சேற்றுத் தரையில் இருப்பது வேறு, இருபது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழத்தில் மணல் தரையில் இருப்பது வேறு. ஆகவே கரையை ஒட்டிய பகுதி, நடுப் பகுதி, ஆழப் பகுதி என்று கடலை ஆழத்தை வைத்து முதலில் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சீட்டில் வந்த இடம் நல்ல இடமா கெட்ட இடமா என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. வேறு சில ஆய்வுகளில் குலுக்கல் இல்லாமல் நிலையான சில இடங்களை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதே இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போவார்கள். இரண்டு முறைகளிலும் விதி ஒன்றே: மீனைத் துரத்தக்கூடாது.

அரை மணி நேரம், ஏறக்குறைய மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல்மைல்) வேகம், ஒரே அளவு மடி, மடியின் வாயை விரித்துப் பிடிக்க ஒரே அளவு பலகை, ஆழத்துக்கு ஏற்ப ஒரே கணக்கில் விடும் கம்பி வடம், பகல் வெளிச்சம் என்று எல்லாவற்றையும் பிடிவாதமாகக் கட்டி வைப்பதும் இதனால்தான். இன்று அரை மணி, நாளை மீன் நிறைய ஏறுகிறது என்று முக்கால் மணி என்று இழுத்தால், இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஒருமுறை நான் உடன் சென்ற படகில் மடி ஏறியபோது பையில் ஒரு கைப்பிடி சேறும் இரண்டு நண்டும் மட்டுமே இருந்தன. குறிப்பெடுக்க வந்த இளைஞர் எல்லா மீனுக்கும் நேராகச் சுழி போடத் தொடங்கினார். டிரைவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, அடிப் பக்கத்தப் பாரு" என்றார். கீழ்க் கயிறு பாறையில் சிக்கி ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மடி கிழிந்திருந்தது. மடி நன்றாக ஓடி மீன் ஏறவில்லை என்றால் அது சுழி. மடி கிழிந்து மீன் ஏறவில்லை என்றால் அது செல்லாத இழுப்பு. அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அன்று அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியவர் படித்தவர் அல்லர். தங்களைப் போன்ற ஒரு டிரைவர்தான்.

கேள்வி: ஒரு மடியில் வந்த மீனை வைத்துக் கடலில் இவ்வளவு மீன் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கும் அளவுக்கு எளிதாகச் சொல்லுங்கள்.
(கணித ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: மூன்று நாட் வேகம் என்பது மணிக்கு ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். அரை மணி இழுத்தால் மடி 2.8 கிலோமீட்டர் தூரம் தரையைத் தடவிச் செல்லும். மடியின் மேல்கயிறு 24 மீட்டர் நீளம் என்றால், ஓடும்போது அது வளைந்து நிற்பதால், வாய் அதில் பாதியளவு, அதாவது 12 மீட்டர் அகலம் விரிகிறது என்று தோராயமாகக் கொள்வது வழக்கம். தூரத்தை அகலத்தால் பெருக்கினால் சுமார் 33,000 சதுர மீட்டர், நம் கணக்கில் எட்டு ஏக்கர் சொச்சம். அந்த எட்டு ஏக்கரில் ஏறிய சங்கரா மீன் 20 கிலோ என்றால், ஒரு சதுர கிலோமீட்டரில் இதைப்போல 30 துண்டுகள் அடங்கும். ஆக 600 கிலோ.

பிள்ளைகள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்: மடிக்கு முன்னால் இருந்த மீனெல்லாம் உள்ளே போயிற்றா? போகாது. சில மேலே எழும்பித் தப்பும், சில கீழ்க் கயிற்றின் அடியில் புதையும், சில பலகைகள் கிளப்பும் சேற்றுப் புகையைக் கண்டு உள்பக்கமாகவே விரட்டப்படும். பாதி தப்பிவிட்டது என்று கொண்டால் 600 என்பது 1,200 ஆகிவிடும். அந்தப் பாதி என்பது பெரும்பாலும் ஊகம். ஆகவே இந்த மொத்த எடையை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் தப்பும் விகிதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்குமானால், இந்த ஆண்டு 20 கிலோ, அடுத்த ஆண்டு 15, அதற்கடுத்த ஆண்டு 9 என்ற இறக்கம் உண்மையாகவே இருக்கும். காய்ச்சல் பார்க்கும் கருவி ஒரு பாகை தப்பாகக் காட்டினாலும், காய்ச்சல் ஏறுவதையும் இறங்குவதையும் சரியாகவே காட்டும் அல்லவா, அதுபோல.

கேள்வி: மடி ஏறியபின் தளத்தில் என்ன நடக்கும்? நான் கடல்சார் உயிரியல் படிக்க விரும்புகிறேன். படகில் பெண்கள் இந்த வேலையைச் செய்ய முடியுமா?
(பிளஸ் டூ மாணவி, வம்பாகீரப்பாளையம், புதுச்சேரி)

பதில்: தாராளமாக முடியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். மாணவி கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வின்ச் கம்பியைச் சுருட்டி முடிக்கும்போது முதலில் பலகைகள் பக்கவாட்டில் வந்து மோதி நிற்கும். பின்னால் மடி வரும். கடைசியில் அதன் வால் பை. பையின் முடிச்சை இழுத்ததும் எல்லாம் தளத்தில் சரியும். முதல் வேலை, ஆபத்தானவற்றை அகற்றுவது. திருக்கையின் முள், கெளுத்தியின் முள், எப்போதாவது கடல் பாம்பு. அடுத்து, கடலுக்குச் சொந்தமில்லாதவற்றைத் தனியே எடுத்து எடை போடுவது. அறுந்த நைலான் வலையும் பிளாஸ்டிக் பையும் இல்லாத இழுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிறகு மொத்த எடை. மீன் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் பிரிக்கலாம். பெட்டி பெட்டியாக வந்தால், மண்வாரியால் நன்றாகக் கலந்துவிட்டு ஒன்றிரண்டு பெட்டிகளை மட்டும் எடுத்துப் பிரித்து, மொத்தத்துக்குப் பெருக்கிக்கொள்வார்கள். கலக்காமல் மேலாக அள்ளினால் பெரிய மீனாகவே வரும், பொடி மீன் அடியில் தங்கிவிடும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள்.

இனம் பிரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். நம் வீட்டில் காரப்பொடி என்று ஒரே பெயரில் சொல்லும் மீனுக்குள் பல இனங்கள் இருக்கின்றன. வாயை மெல்லப் பிடித்து இழுத்தால் அது குழாய்போல வெளியே நீளும். சிலவற்றுக்கு அது கீழ்நோக்கி நீளும், சிலவற்றுக்கு மேல்நோக்கி, வேறு சிலவற்றுக்கு நேராக. இந்த ஒன்றை வைத்தே பாதிப் பிரிவினையை முடித்துவிடலாம். கையெல்லாம் வழவழவென்று வழும்பு ஒட்டும். அது இரண்டு நாளைக்குப் போகாது.

அளப்பதற்கு ஒரு பலகை உண்டு. ஒரு முனையில் செங்குத்தான தடுப்பு, நடுவில் அளவுகோல். மீனின் மூக்குத் தடுப்பைத் தொடவேண்டும். வால் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அது நீளம். ஒருவர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் அந்த எண்ணுக்கு நேராக ஒரு கோடு கிழிப்பார். "ஒன்பது, ஒன்பது, பத்து, ஒன்பதரை" என்று அது ஒரு பாட்டுப்போல ஓடும். கணவாய்க்கு உடலின் நீளம், திருக்கைக்கு இறக்கைக்கு இறக்கை அகலம். சிலவற்றின் வயிற்றைக் கீறிச் சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மண்டைக்குள் செவிக்கல் என்று ஒன்று உண்டு. குளிர்நாட்டு மீன்களில் அதை அறுத்தால் மரத்தின் வளையம்போல ஆண்டுக்கு ஒன்றாக வளையம் தெரியும். நம் கடலில் அத்தகைய குளிர்காலம் இல்லை. வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. ஆகவே நாம் நீளத்தையே நம்பவேண்டியிருக்கிறது. இந்த மாதம் ஏழு சென்டிமீட்டர் அருகே கூட்டமாக நிற்கும் கோடுகள், அடுத்த மாதம் எட்டரைக்கு நகர்ந்திருந்தால், அது ஒரே தலைமுறை வளர்ந்து போகிற தடம். மாதம் தவறாமல் அளந்தால்தான் அந்தத் தடம் தெரியும். ஒரு மாதம் விட்டுவிட்டால் இந்தக் கூட்டம் பழைய கூட்டமா புதிய கூட்டமா என்று தடுமாற வேண்டியதுதான்.

கேள்வி: வலைக்கண் நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று எங்களுக்குச் சட்டம். ஆய்வு மடியில் மட்டும் விரல்கூட நுழையாத கண். குஞ்சு மீனை நீங்கள் பிடித்தால் அறிவியல், நாங்கள் பிடித்தால் குற்றமா?
(விசைப்படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்)

பதில்: நியாயமான கேள்வி, கடுமையாகக் கேட்டிருந்தாலும் நியாயமானது. இழுவை மடியின் வால் பையில் 40 மில்லிமீட்டர் கண் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதித்திருப்பதன் நோக்கம் குஞ்சுகள் வெளியேற வேண்டும் என்பது. ஆய்வு மடியில் சிறிய கண் வைப்பதன் நோக்கம் குஞ்சுகள் எத்தனை பிறந்திருக்கின்றன என்று எண்ணுவது. இரண்டு ஆண்டு கழித்துத் தங்கள் மடியில் ஏறப்போகும் மீனின் எண்ணிக்கையை இன்றே ஓரளவு சொல்லக்கூடியது அந்தக் குஞ்சுக் கணக்கு ஒன்றுதான்.

சேதம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். மேலே ஆசிரியைக்குச் சொன்ன கணக்குப்படி ஓர் இழுப்புக்கு எட்டு ஏக்கர். ஒரு சுற்றுக்கு முப்பது இழுப்பு என்றால் ஒரு சதுர கிலோமீட்டர். ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரம் மடி இழுக்கும் ஒரே ஒரு தொழில்படகு, அதே வேகத்தில், அந்தப் பரப்பு முழுவதையும் இரண்டு நாளுக்குள் கடந்துவிடும். ஆனாலும் ஆய்வு என்ற பெயர் இருப்பதால் தரையில் படும் கீறல் கீறலாகாமல் போய்விடாது. பவளமோ பாறையோ உள்ள இடத்தில் அடிமடியை விடவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிடித்த மீனை ஆய்வுக் குழு தனியாக ஏலம் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. கணக்கெடுக்க வந்தவர் வியாபாரம் செய்தால் அவர் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: இந்த ஆய்வில் வஞ்சிரமும் மத்தியும் எவ்வளவு என்று தெரியுமா?
(இல்லத்தரசி, மஞ்சக்குப்பம்)

பதில்: தெரியாது. வஞ்சிரம் விரைந்து நீந்துவது. மத்தி, கவளை, காணாங்கெளுத்தி ஆகியவை மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரிபவை. அடிமடியில் அவை தற்செயலாக ஏறும், அவ்வளவே. அவற்றுக்கு ஒலி அலையை அனுப்பி எதிரொலியை அளக்கும் முறை வேறு இருக்கிறது. சங்கரா, தும்பிலி, நவரை, காரப்பொடி, நாக்கு மீன், இறால், நண்டு, கணவாய் என்று தரையை ஒட்டி வாழ்பவற்றுக்குத்தான் இழுவை மடி ஆய்வு.

கேள்வி: துறைமுகத்தில் தினமும் எவ்வளவு மீன் இறங்குகிறது என்பது எங்களுக்கே தெரியும். அதை எழுதி வைத்தாலே போதுமே. கடலுக்குள் போய்த் தனியாக ஏன் கணக்கெடுக்க வேண்டும்?
(மீன் ஏல வியாபாரி, கடலூர் துறைமுகம்)

பதில்: இறங்கும் மீனை எழுதி வைக்கும் வேலை ஏற்கனவே நடக்கிறது. 1947-இல் மண்டபத்தில் தொடங்கப்பட்டு இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் மீன் இறங்குதளங்களில் குறிப்பிட்ட நாள்களில் சில படகுகளைத் தேர்ந்து, அவற்றில் வந்ததை எழுதி, மொத்தத்துக்குக் கணக்கிடுகிறது. அது மிகவும் வேண்டிய வேலை. ஆனால் அது சொல்வது, பிடித்தது எவ்வளவு என்பதை. கடலில் இருப்பது எவ்வளவு என்பதை அன்று.

இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் நேர்ந்த கதை கனடாவில் உண்டு. நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் என்ற மீன் நூற்றாண்டுக்கணக்காக மக்களுக்குச் சோறு போட்டது. 1980-களில் பெரிய இழுவைக் கப்பல்களின் மீன்பாடு நன்றாகவே இருந்தது. கருவிகள் மேம்பட்டிருந்தன, மீன் ஒதுங்கும் இடம் கப்பல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. மீன் குறையக் குறைய, மிச்சமிருந்தது நெருக்கமாகக் கூடிக்கொண்டது. கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப்போய் வாரின. அரசின் ஆய்வுக் கப்பல் குலுக்கலில் வந்த இடங்களில் மடி விட்டு எடுத்த எண்கள் கப்பல்காரர்களின் எண்களோடு ஒத்துப்போகவில்லை. கரையோரச் சிறு மீனவர்களும் மீன் குறைந்துவிட்டது, சிறுத்துவிட்டது என்று முறையிட்டார்கள். ஆய்வின் எண்களோ ஆண்டுக்காண்டு ஏறி இறங்கியதால் அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. கப்பல்களின் நல்ல மீன்பாட்டுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்துவிட்டார்கள். 1992 ஜூலை 2 அன்று அந்த மீன்பிடிப்பையே அரசு நிறுத்தியது. 30,000 பேருக்கு மேல் வேலை போயிற்று. ஓரிரு ஆண்டுகளில் திறந்துவிடலாம் என்று அன்று நினைத்தார்கள். அந்தத் தடையை விலக்கியது 2024-இல்தான்.

குளிர்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்றால், தாய்லாந்து வளைகுடாவைப் பார்க்கலாம். நம்மைப்போலவே வெப்பக் கடல், நம்மைப்போலவே ஒரு மடியில் நூறு வகை மீன். அங்கே இழுவை மடி பரவத் தொடங்கிய 1960-களின் தொடக்கத்திலேயே ஆய்வுப் படகும் ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது ஒரு மணி நேரம் இழுத்தால் சுமார் 250 முதல் 300 கிலோ ஏறியது. 1980-களில் அது 50 கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. எடை மட்டுமா? காரப்பொடிக் குடும்பத்து மீன்கள் மளமளவென்று சரிந்தன. கணவாயின் பங்கு ஏறியது. அதே காலத்தில் துறைமுகங்களில் இறங்கிய மொத்த மீனோ பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் படகுகள் பெருகிக்கொண்டே இருந்தன, தூரம் போய்க்கொண்டே இருந்தன. ஏலக் களத்தில் நின்று பார்த்தவருக்கு அது செழிப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

தங்கள் களத்துக்கு வருவோம். பத்தாண்டுகளுக்கு முன் இறங்கிய அதே எடை இன்றும் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே குதிரைத்திறனா? அதே நாள் கணக்கா? அன்று காலை போய் மாலை திரும்பிய படகு இன்று எத்தனை நாள் தங்கல் போகிறது? கோழித்தீவனத்துக்குப் போகும் பொடி மீன் அந்த எடையில் எவ்வளவு? இந்த நான்கையும் தங்கள் நோட்டில் எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள். உண்மையிலேயே விலைமதிப்புள்ள நோட்டு அது.

கேள்வி: தடைக்காலம் முடிந்து முதல் வாரத்தில் படகு நிறைய மீன் வருகிறது. அப்படியானால் 61 நாளில் மீன் பெருகிவிட்டது என்றுதானே பொருள்?
(ஐஸ் வியாபாரி, தேங்காய்த்திட்டு, புதுச்சேரி)

பதில்: பெருகியிருக்கலாம், பிடிபடாமல் சேர்ந்திருக்கலாம், இருந்த மீனே வளர்ந்து எடை கூடியிருக்கலாம். ஏலக் கூடையைப் பார்த்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது இது. தடைக்கு முந்தைய வாரம், தடையின் நடுவில், தடை முடியும் தறுவாயில் என்று ஒரே மடியால் ஒரே இடங்களில் இழுத்து, நீளத்தையும் எண்ணிக்கையையும் எழுதினால் விடை கிடைத்துவிடும். எண்ணிக்கை ஏறாமல் நீளம் மட்டும் கூடியிருந்தால் அது வளர்ச்சி. புதிதாகக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அது பெருக்கம். எல்லாப் படகும் நிற்கும் அந்த இரண்டு மாதமும் கடலைப் பற்றி நமக்கு அதிகம் கற்றுத்தரக்கூடிய மாதங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவற்றைக் கடத்திவிடுகிறோமே என்பது என் ஆதங்கம்.

கேள்வி: ஆய்வு செய்பவர்கள் தப்புச் செய்தால் யார் கண்டுபிடிப்பது?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி)

பதில்: பெரும்பாலும் மீனவர்கள்தான். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 1963 முதல் இழுவை மடி ஆய்வு தொடர்ந்து நடக்கிறது. அதற்கு ஓடிய 'ஆல்பட்ராஸ் 4' என்ற கப்பலில், மடியை இழுக்கும் இரண்டு கம்பி வடங்களிலும் நீளத்தைக் காட்டும் குறிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தது 2002-இல் வெளியே வந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்தே அப்படி இருந்திருக்கிறது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்றால் மடி கோணலாக ஓடும் என்பது எந்த டிரைவருக்கும் தெரியும். மீனவர்கள் கொதித்துப்போனார்கள், அந்த எண்களை வைத்துத்தானே அவர்கள் பிடிக்கும் அளவையே குறைத்தார்கள். பிறகு மீனவர் தரப்பினரையும் கப்பலில் ஏற்றிச் சென்று, வடத்தைச் சரியாகவும் கோணலாகவும் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விளைவு பயந்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. ஆனால் நம்பிக்கை திரும்புவதற்கு அந்த ஒப்பீடு மட்டும் போதவில்லை.

அந்தக் கப்பல் வயதாகி, 2009-இல் 'ஹென்றி பி. பிகலோ' என்ற புதிய கப்பல் வந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டிலேயே இரண்டு கப்பல்களையும் அருகருகே ஓடவிட்டு நூற்றுக்கணக்கான இழுப்புகளை ஒப்பிட்டார்கள். புதிய கப்பல் ஓசை குறைந்தது, மடியும் வேறு. அப்படி ஒப்பிடாமல் விட்டிருந்தால், 2009-இல் கடலில் மீன் திடீரென்று மாறிவிட்டதாகத் தாளில் தெரிந்திருக்கும். நம்மூரில் ஆய்வுக்கு இந்த ஆண்டு ஒரு படகு, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் குறைந்த தொகை கேட்ட வேறு படகு என்று மாற்றுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கேள்வி: நம் நாட்டில் இத்தகைய ஆய்வு நடந்ததே இல்லையா?
(நூலகர், கடலூர்)

பதில்: நடந்திருக்கிறது, நடக்கவும் செய்கிறது. 1920-களின் பிற்பகுதியிலேயே சென்னை மாகாண அரசு 'லேடி கோஷன்' என்ற இழுவைக் கப்பலை ஓட்டி நம் கடலை ஆராய்ந்தது. 1946-இல் பம்பாயில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கிய அமைப்பு 1983-இல் இந்திய மீன்வள அளவைத் துறை என்று பெயர் பெற்றது. அதற்குச் சென்னையிலும் ஒரு தளம் உண்டு. டென்மார்க்கில் கட்டப்பட்ட 'சாகர் சம்பதா' ஆய்வுக் கப்பல் 1984 முதல் நம்மிடம் இருக்கிறது. இவை பெரிய கப்பல்கள். பெரும்பரப்பை, ஆழ்கடலை அளப்பதற்கு ஏற்றவை. கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை) குறுகலாக இருக்கும் கடலூர், புதுச்சேரிக் கரையில், நம் படகுகள் அன்றாடம் உழும் கரையோரத்தை மாதாமாதம் அளக்க அவை வந்து நிற்க முடியாது.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மிகவும் சிறியது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நரகன்செட் விரிகுடா இருக்கிறது. அங்கே சார்லஸ் ஃபிஷ் என்ற அறிஞர் (ஆம், அவருடைய குடும்பப் பெயரே மீன்தான்) 1959-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். விரிகுடாவுக்குள் ஓர் இடம், வாய்ப் பக்கத்தில் ஓர் இடம், இரண்டே இடங்கள். வாரத்துக்கு ஒரு முறை, இடத்துக்கு அரை மணி. ஏறியதை எண்ணி எழுதுவது. பல்கலைக்கழகத்து ஆட்கள் மாறினார்கள், படகுகள் மாறின; வாரந்தோறும் மடி விடுவது மட்டும் இன்றுவரை தொடர்கிறது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் குளிர்நீர்த் தட்டை மீன்கள் அங்கே மெல்ல மெல்ல விலகியதும், வெதுவெதுப்பை விரும்பும் மீன்களும் கணவாயும் வந்து நிறைந்ததும், கடல் வெப்பமாவதைப் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அந்தக் குறிப்பேட்டில் பதிந்து கிடக்கின்றன.

அதற்கு வேண்டியது ஒரு நடுத்தரப் படகு, மாற்றாத ஒரு மடி, மூன்று நான்கு ஆட்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. புதுச்சேரியில் கல்லூரிகள் இருக்கின்றன. மடி விடத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ஐந்து கோடி செலவில் ஒரு முறை பெரிதாக அளப்பதைவிட, மாதம் நான்கு இழுப்பு வீதம் முப்பது ஆண்டு அளப்பதையே நான் கேட்பேன்.

கேள்வி: ஆய்வுப் படகு கரையோரம் வந்தால் எங்கள் செவுள் வலைகளை அறுத்துவிடுமே. எங்களிடம் யார் கேட்கிறார்கள்?
(பைபர் படகு மீனவர், நல்லவாடு)

பதில்: கேட்க வேண்டும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக்கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். ஆய்வுக்கென்று தனி அனுமதி வாங்கினாலும், எந்த நாளில் எந்த இடம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஆள் ஒருவரையும் படகில் ஏற்றிக்கொண்டு போவதே முறை. அந்த ஆள் வெறுமனே உட்கார்ந்து வரவேண்டியதில்லை. அளவுப் பலகையில் எண்ணைச் சொல்லும் வேலையை அவரிடமே கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் மகன் படகில் போகிறான். அவன் தன் அளவில் இப்படி எழுதி வைத்தால் பயன் உண்டா? எப்படி எழுதவேண்டும்?
(மீன் விற்கும் அம்மா, சோனங்குப்பம்)

பதில்: உண்டு அம்மா. தேதி, மடி விட்ட நேரம், ஏற்றிய நேரம், எத்தனை பாகம் ஆழம், ஜி.பி.எஸ். காட்டும் இடம், காற்று வாடையா கச்சானா (எந்தத் திசைக் காற்று), மடி கிழிந்ததா இல்லையா. பிறகு ஏதாவது ஐந்து மீனை மட்டும் அவன் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று எழுதட்டும். அந்த ஐந்தில் ஒன்று வராத நாளில் அதற்கு நேராகச் சுழி போடவேண்டும். கோட்டை வெறுமனே விட்டுவிடக்கூடாது. ஐந்து மீனையும் நடுவில் மாற்றக்கூடாது. எழுதுவதற்குப் பென்சிலே நல்லது. பேனா மை ஒரு அலைத் தெறிப்புக்குத் தாங்காது.